‘செயற்கை’ என்னும் தீர்ப்பு: மொழிபெயர்ப்புத் திறனாய்வில் ஒரு சொல்லின் பொருளும் பயன்பாடும்

0. முன்னுரை

தமிழில் வெளிவரும் மொழிபெயர்ப்புகளைப் பற்றிய மதிப்புரைகளில் அடிக்கடி வரும் குறைச்சொல் ‘செயற்கை’ என்பதாகும். ‘உரையாடல் செயற்கையாக உள்ளது’, ‘நடையில் செயற்கைத்தன்மை மிகுதி’ என்னும் தொடர்கள் ஏறத்தாழ வாய்பாடாகவே ஆகிவிட்டன. கையெழுத்துப்படியின் ஓரத்தில் இவ்வொரு சொல்லை மட்டும் எழுதித் திருப்பி அனுப்பும் பதிப்பாசிரியர்களும் உளர். அதைப் பெறும் மொழிபெயர்ப்பாளர் எதைத் திருத்த வேண்டும் என்று அறியாமல், பெரும்பாலும் வினைமுற்றுகளைப் பேச்சு வடிவுக்கு மாற்றி அனுப்புகிறார். ‘வருகிறாய்’ என்பது ‘வர்றே’ ஆகிறது. குறையோ பல இடங்களில் அப்படியே நிற்கிறது.

இச்சொல் எவ்வெக் குறைகளைக் குறிக்க வழங்குகிறது, அவற்றைப் பிரித்துக் காண வழி உண்டா, இச்சொல்லைத் தீர்ப்பாகப் பயன்படுத்துவோர் எதைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. செயற்கை என்று சொல்பவர் அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

1. சொல்லும் அதன் பழைய பொருளும்

‘செய்’ என்னும் வினையடியாகப் பிறந்த செயற்கை, ‘இயல்’ என்னும் அடியாகப் பிறந்த இயற்கையோடு இணையாக வழங்குவது. பழைய நூல்களில் இச்சொல்லுக்கு இழிபொருள் இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் பொருள்களை இயற்கைப் பொருள், செயற்கைப் பொருள் என வகுத்து, இரண்டையும் சொல்லும் முறை வேறு என்கிறது. இயற்கைப் பொருளை ‘இத்தன்மைத்து’ என்று வாளா கூறினால் போதும். செயற்கைப் பொருளையோ ‘ஆயிற்று’ என்னும் ஆக்கச்சொல் கொடுத்துக் கூற வேண்டும். அவ்வாக்கச்சொல்லும் காரணத்தை முதலாகக் கொண்டு வர வேண்டும். எண்ணெய் முதலியன பெற்றமையால் கூந்தல் நல்லதாயிற்று என்பது போன்ற எடுத்துக்காட்டுகளை உரையாசிரியர்கள் தருவர். அடுத்து, மக்கள் வழக்கில் காரணம் கூறாமல் ஆக்கச்சொல் வருதலும் குற்றமாகாது என்னும் நெகிழ்வும் அங்கேயே தரப்படுகிறது.

திருக்குறளில் அமைச்சு அதிகாரத்தில் இச்சொல் வேறொரு நிறம் பெறுகிறது. செய்யும் முறைகளை அறிந்திருந்தாலும் உலகத்தின் இயல்பை அறிந்தே செயல்பட வேண்டும் என்பது அங்குள்ள அறிவுரை. செயற்கை என்பதற்கு நூலால் அறியும் வினைநெறி என்று உரை கொள்வர். நூலறிவுக்கும் உலகியலுக்கும் இடையே நேரும் இடைவெளி இங்குச் சுட்டப்படுகிறது. எனினும் செயற்கை இங்கும் பழிக்கப்படவில்லை; அது மட்டும் போதாது என்பதே கூற்று.

இன்றைய வழக்கில் செயற்கை உரம், செயற்கை இழை, செயற்கைக்கோள், செயற்கை நுண்ணறிவு முதலிய தொடர்களில் இச்சொல் ‘மனிதர் ஆக்கியது’ என்னும் நடுநிலைப் பொருளிலேயே நிற்கிறது. பேச்சையும் நடையையும் சிரிப்பையும் குறித்து வரும்போது மட்டுமே குறைப்பொருள் ஏறுகிறது. ‘செயற்கையான சிரிப்பு’ என்பதில் உள்ள குறை, சிரிப்பு உள்ளத்திலிருந்து வரவில்லை என்பது. ‘செயற்கையான பேச்சு’ என்பதில் உள்ள குறை எதுவென்று அத்தொடர் தானே சொல்வதில்லை. சொல்பவர் உண்மையாக இருக்கலாம். சொன்ன செய்தியும் சரியாக இருக்கலாம். ஆயினும் காது ஏற்க மறுக்கிறது. மறுப்பின் காரணம் பலவாக இருத்தலே இச்சொல்லின் சிக்கல்.

2. வழக்கில் உள்ள பிற சொற்கள்

2.1 திறனாய்வாளர் ஒரே சொல்லால் குறிப்பதைப் பேச்சு வழக்கு பல சொற்களால் பிரித்துக் காட்டுகிறது. ‘புத்தகம் படிக்கிற மாதிரி பேசுகிறான்’ என்னும்போது எழுத்து வடிவம் வாய்க்கு வந்துவிட்டது என்பது பொருள். ‘பண்டிதத் தமிழ்’ என்னும்போது அருஞ்சொற்களின் மிகுதி கருதப்படுகிறது. ‘மேடையில் பேசுகிற மாதிரி’ என்னும்போது ஒருவரிடம் பேச வேண்டியதைப் பலரிடம் பேசுவது போலப் பேசியமை குறிக்கப்படுகிறது. ‘வசனம் பேசாதே’ என்பதோ இவற்றிலிருந்து வேறுபட்டது.

2.2 ‘வசனம்’ என்னும் சொல்லின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டில் அது செய்யுளுக்கு மறுதலையான உரைநடையைக் குறித்தது. ‘வசன நடை’ என்றால் எளிதாகப் படிக்கத்தக்க நடை என்றே பொருள். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபின் பாட்டைக் குறைத்து உரைநடை உரையாடலை முதன்மைப்படுத்திய நாடகங்கள் வளர்ந்தன. பின்னர்த் திரைப்படத்தில் ‘கதை, வசனம்’ என்னும் தொடர் நிலைபெற்றபோது, நடிகர் மனப்பாடம் செய்து பேசும் உரையாடலையே வசனம் உணர்த்தியது. அங்கிருந்து ‘வசனம் பேசாதே’ என்னும் வீட்டு வழக்குப் பிறந்தது. முன்பே ஆயத்தம் செய்த சொற்களைத் தனக்கே தோன்றியன போலக் கூறுவதை அத்தொடர் இடித்துரைக்கிறது. செய்யுளினும் இயல்பானது எனக் கருதப்பட்ட ஒன்றின் பெயரே இயல்பின்மையின் பெயராக மாறியது. இயல்பு என்பது நிலையான அளவன்று என்பதற்கு இச்சொல்லே சான்று.

2.3 பிற மொழிகளும் இக்குறைக்குப் பெயர் வைத்துள்ளன. பெயர் வைத்த இடம் மொழிக்கு மொழி வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்டில்ட்டெட்’ என்னும் சொல் பொய்க்காலில் நிற்பதைக் கொண்டு அமைந்த உருவகம்; தனக்கு இல்லாத உயரத்தைக் கட்டிக்கொண்டு நடப்பதன் விறைப்பும் தடுமாற்றமும் அதில் அடங்கும். தமிழருக்குப் பொய்க்கால் புதிதன்று. சிலப்பதிகாரம் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் கொற்றவைக்குரிய மரக்கால் ஒன்று. தஞ்சைப் பகுதியின் பொய்க்கால் குதிரை ஆட்டம் இன்றும் வாழும் கலை. ஆயினும் தமிழில் பொய்க்கால் பேச்சுக்கு உருவகமாகவில்லை. கட்டையின்மேல் ஏறி ஆடுதல் இங்குத் தெய்வத்தின் ஆற்றலாகவும் கலைஞரின் திறமாகவும் காணப்பட்டது இதற்கு ஒரு காரணமாகலாம்.

தெலுங்கில் ‘கிராந்திகம்’ என்னும் பெயர் நூல் என்னும் பொருளுடைய கிரந்தம் என்பதிலிருந்து வந்தது. கிடுகு ராமமூர்த்தி (1863-1940) முன்னின்று நடத்திய வியாவகாரிக பாஷை இயக்கத்துக்குப்பின் அச்சொல் உலகியலோடு ஒட்டாதது என்னும் சாயலையும் பெற்றது. இந்தியில் ‘கிதாபீ’ என்பதும் நூலையே சுட்டும். வங்காளியில் எழுத்து வழக்குக்கு ‘ஸாது பாஷா’ என்று பெயர். ஸாது என்பது நல்லது, தக்கது என்னும் புகழ்ச்சொல். பிரமத சௌதுரி 1914-இல் தொடங்கிய ‘ஸபுஜ்பத்ரா’ இதழ் சலித வழக்கை எழுத்தில் நிலைநிறுத்த முயன்றபோது, புகழ்ப்பெயர் தாங்கிய வழக்கையே எதிர்கொள்ள நேர்ந்தது. தமிழில் ‘செந்தமிழ்’ என்பதன் நிலையும் இதுவே. ‘செந்தமிழில் பேசுகிறான்’ என்பது மேடையில் பாராட்டு, சந்தையில் கேலி. ஆகவே தமிழ்த் திறனாய்வாளர் வழக்கைச் சுட்டும் பெயரை விடுத்து, ‘செயற்கை’ என்னும் பொதுச்சொல்லைத் தேர்ந்ததில் ஒரு நயத்தக்க தயக்கமும் உண்டு எனலாம். செந்தமிழைக் குறைகூறாமல் அதன் பிழையான இடத்தைக் குறைகூற அச்சொல் உதவியது. அத்தயக்கத்தின் விலையாகக் காரணம் மறைந்துபோயிற்று.

3. காரணங்கள் நான்கு

மொழிபெயர்ப்பு உரையாடல்களில் செயற்கை எனப்படுவதை நான்கு காரணங்களாகப் பிரிக்கலாம். கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் விளக்கத்திற்காகக் கட்டுரையாளர் அமைத்தவை.

3.1 வடிவம்

எழுத்து வழக்கின் ஒலி, விகுதி வடிவங்கள் பேச்சுச் சூழலில் வருதல் முதற்காரணம். 1959-இல் இரட்டை வழக்கு பற்றிய கட்டுரையில் ஃபெர்குசன், உயர்வழக்கை உரையாடலில் பயன்படுத்துபவரும் தாழ்வழக்கை முறைசார்ந்த சொற்பொழிவில் பயன்படுத்துபவரும் ஒருபடித்தாகவே நகைப்புக்கு இடமாவர் என்று குறித்தார். தமிழின் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் மு. சண்முகம் பிள்ளை 1960-இல் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இவ்வேறுபாடு மிக வெளிப்படையானது. ஆதலின் செயற்கை என்றவுடன் அனைவரும் இதனையே நினைக்கின்றனர். இது மட்டும் காரணமன்று என்பதைப் பின்வரும் தொகுதி காட்டும்.

(1) அ. அம்மா, எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் கிடைக்குமா?
 ஆ. அம்மா, எனக்கு ஒரு கோப்பத் தேநீர் கெடைக்குமா?
 இ. அம்மா, டீ இருக்கிறதா?
 ஈ. அம்மா, டீ இருக்கா?

(1அ) செயற்கை என்பதில் ஐயமில்லை. அதன் வடிவத்தை மட்டும் பேச்சுக்கு மாற்றிய (1ஆ) முன்னதினும் மோசமாக ஒலிக்கிறது. (1இ) வடிவத்தால் எழுத்து வழக்கு. எனினும் கதையில் படிக்கும் எவரும் தடுக்கிவிழ மாட்டார். வடிவமே காரணமாயின் (1ஆ) இயல்பாகவும் (1இ) செயற்கையாகவும் இருத்தல் வேண்டும். நிலைமை அதற்கு நேர்மாறாக உள்ளது. அச்சில் எழுத்து வடிவத்தைக் கண்டு மனத்தில் பேச்சு வடிவமாக மாற்றிக்கொள்ளும் பயிற்சி தமிழ் வாசகருக்கு உண்டு. மாற்றிக்கொள்ள இயலாதவை மற்ற மூன்றுமே.

3.2 சொல்தேர்வு

(2) அ. பாட்டி, நீர் அருந்துகிறீர்களா?
 ஆ. பாட்டி, தண்ணீர் குடிக்கிறீர்களா?

இரண்டிலும் வினை விகுதி ஒன்றே. (2அ) மட்டுமே காதில் இடறுகிறது. ‘அருந்து’ என்னும் சொல் தன்னளவில் குறையுடையதன்று. விருந்தினரைத் தேநீர் அருந்த அழைக்கும் அழைப்பிதழில் அது பொருந்தி நிற்கும். நன்னூலார் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு எனப் பிரித்து, அவையில் கூறத்தகாததை மறைத்துக் கூறுதல் முதலியவற்றைத் தகுதியுள் அடக்குவார். இடம் நோக்கிச் சொல்லை மாற்றுதலே தகுதியின் அடிப்படை. இக்கருத்தைச் சற்று விரித்துக்கொண்டால், (2அ)-இல் பிழைத்தது இயல்பு எனக் கூறுவதைவிடத் தகுதி எனக் கூறுவதே பொருந்தும்.

3.3 தொடரமைப்பு

(3) அ. உங்களைச் சந்தித்ததில் நான் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்பதை என்னால் உங்களுக்குச் சொல்ல முடியவில்லை.
 ஆ. உங்களைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம்.

(4) அ. நான் என் கைகளை என் சட்டைப் பையில் வைத்தேன்.
 ஆ. கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

(3அ), (4அ) ஆகியவற்றில் அருஞ்சொல் ஒன்றும் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆங்கிலத் தொடரின் எலும்புக்கூட்டின்மேல் தமிழ்ச் சொற்கள் போர்த்தப்பட்டிருத்தலே குறை. தமிழில் எழுவாயும் உடைமைப் பெயரும் வேண்டாத இடத்தில் மறைந்து நிற்கும்; அவற்றின் பணியைத் ‘கொள்’ போன்ற துணைவினைகள் ஏற்கும். ‘நான்’, ‘என்’, ‘ஒரு’ ஆகிய மூன்றும் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்தல் மொழிபெயர்ப்பாளர் தாமே செய்துகொள்ளத்தக்க எளிய சோதனை. இக்குறையுடைய தொடரைப் பேச்சு வடிவில் எழுதினாலும் வேற்றுமொழித் தொடர் வேற்றுமொழித் தொடராகவே நிற்கும்.

3.4 பேச்சுச் செயல்

நான்காவது காரணம் சொல்லிலும் தொடரிலும் இல்லை. சொல்லும் செயலில் உள்ளது. ஆங்கில நாவலில் மகன் தாயிடம் தட்டை வாங்கிக்கொண்டு நன்றி கூறுவான். தமிழ் வீட்டில் உணவு பரிமாறும் தாயிடம் ‘நன்றி அம்மா’ என்று கூறும் மகன், அவளை அயலாள் ஆக்கிவிடுகிறான். ‘ரொம்ப நன்றிம்மா’ என்று வடிவத்தை இளக்கினாலும் தொலைவு குறைவதில்லை. இன்று நகரத்து வீடுகளில் ‘தேங்க்ஸ்’ கேட்கிறது. அதுவும் பல வேளைகளில் விளையாட்டுக் குரலில். நன்றியறிதல் தமிழில் இல்லை என்பது இதன் பொருளன்று. ‘போதும்மா’, ‘நீ சாப்பிட்டாயா?’ என்பனவே அங்கு நன்றியின் வேலையைச் செய்கின்றன. விடைபெறுதல், மன்னிப்புக் கேட்டல், அன்பு கூறுதல், பெயர் சொல்லி அழைத்தல் ஆகிய இடங்களிலெல்லாம் இந்நான்காவது காரணம் தலைகாட்டும்.

இங்கு மொழிபெயர்ப்பாளர்முன் இரு வழிகள் உள. செயலையே மாற்றிவிடலாம், அல்லது அப்பண்பாட்டின் செயலை அப்படியே காட்டி, வாசகர் அயன்மையை உணரச் செய்யலாம். இரண்டாவது வழியைத் தெரிந்தே தேர்ந்தவரைச் செயற்கை என்று கூறுவது தகுதியற்ற தீர்ப்பாகும். அவர் காட்ட விரும்பியதே அந்த வேற்றுமைதான்.

4. காலமும் களமும்

செயற்கை எனப்படுவது காலத்தாலும் களத்தாலும் மாறும். 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியில் நாயகன் பேசுவது முழுமையான எழுத்து வழக்கு. அன்றைய பார்வையாளர் அதனை மனப்பாடம் செய்து பேசி மகிழ்ந்தனர். களம் நீதிமன்றம்; பேச்சு ஒரு முறையீடு; அரசியல் மேடையின் மொழிக்கு அன்றைய செவி பழகியிருந்தது. 1959-இல் ஸ்ரீதரின் ‘கல்யாணப்பரிசு’ வீட்டுப் பேச்சின் எளிமையைத் திரைக்குக் கொணர்ந்தது. 1977-இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ சிற்றூர்ப் பேச்சை முன்னிறுத்தியது. செவி மாறியபின் முன்னைய உரையாடல் வீட்டுச் சூழலில் வந்தால் ‘வசனம்’ எனப்பட்டது. மாறியது பேச்சு மட்டுமன்று. கேட்பவரின் எதிர்பார்ப்பும் மாறியது.

புனைகதையிலும் இவ்வாறே. 1879-இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் பாத்திரங்கள் ஆசிரியரின் உரைநடையிலேயே பேசுகின்றன. 1890-களில் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்த ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் வீட்டுப் பேச்சு எழுத்தில் ஏறுகிறது, அங்கேயே தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளை நகைச்சுவைப் பாத்திரமாகிறார். ஆனால் வளர்ச்சி ஒரே திசையில் நிகழவில்லை. 1961-இல் ‘அகல் விளக்கு’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற மு. வரதராசனின் பாத்திரங்கள் பெரும்பாலும் தூய எழுத்து வழக்கில் உரையாடுகின்றனர். அந்நாவல்கள் பரவலாகப் படிக்கப்பட்டன. வாசகர் அதனை ஒரு மரபாக ஏற்றுக்கொண்டனர் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. ஒரு நூல் தன் முதற்பக்கங்களில் ஒரு மரபை வகுத்து அதனை இறுதிவரை காத்தால் வாசகர் இசைந்துவிடுகின்றனர். ஒரே பத்தியில் இரண்டு வழக்கும் காரணமின்றிக் கலக்கும்போதுதான் இசைவு குலைகிறது.

வானொலிச் செய்தியும் இதற்குத் துணைநிற்கும். ‘செய்திகள் வாசிப்பது’ என்று தொடங்கும் அறிவிப்பிலேயே அது வாசிப்பு என்பது வெளிப்படுகிறது. பேச்சாகத் தன்னைக் காட்டிக்கொள்ளாதது செயற்கைப் பேச்சு எனப் பழிக்கப்படுவதில்லை.

5. செயற்கையே மூலத்தின் நோக்கமாகும்போது

இதுவரை கண்டவை தவிர்க்கத்தக்க செயற்கை. மூல ஆசிரியர் வேண்டுமென்றே அமைத்த செயற்கைப் பேச்சு மொழிபெயர்ப்பில் என்னாகிறது என்பது இதனினும் கடினமான வினா. 1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் வரும் பாதிரியார் காலின்ஸ், தாம் மணம் செய்துகொள்ள விரும்புவதற்கான காரணங்களை எண்ணிட்டு அடுக்கி ஒரு பெண்ணிடம் திருமணம் பேசுகிறார். தம் புகழுரைகள் அவ்வப்போது தோன்றுவனவா, முன்பே ஆயத்தம் செய்தவையா என்று வீட்டுத் தலைவர் கேட்கும்போது, சிலவற்றை முன்னரே அமைத்து வைப்பதுண்டு என்றும், ஆயினும் அவை இயல்பாகத் தோன்றும்படி பார்த்துக்கொள்வதாகவும் பெருமையோடு ஒப்புக்கொள்கிறார். நம் வழக்கில் சொன்னால், அவர் வசனம் பேசுபவர்.

இந்நாவலைத் தமிழாக்கும் ஒருவர் எல்லாப் பாத்திரங்களையும் ஒரே எழுத்து வழக்கில் பேசவிட்டால் காலின்ஸ் காணாமல் போய்விடுகிறார். அனைவரும் ஒரே உயரக் கட்டையில் நிற்கும்போது ஒருவரின் கட்டை மட்டும் எப்படித் தெரியும்? மறுபுறம், செயற்கைப் பழிக்கு அஞ்சி அவரையும் இயல்பாகப் பேசவைத்தால் ஆசிரியரின் நகைச்சுவையே அழிகிறது. செயற்கை என்பது தனி ஒரு பண்பாக இல்லாமல், சூழ உள்ள பேச்சிலிருந்து விலகிய அளவாக இருக்கிறது என்பது இங்குத் தெளிவாகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதலில் செய்ய வேண்டுவது மற்றவர் பேச்சை வகைப்படுத்தல்.

(5) அ. வேண்டாம். நான் மனத்தில் உள்ளதைத்தான் சொல்கிறேன், நம்புங்கள்.
 ஆ. தங்கள் மறுப்பானது தங்களுக்கு இயல்பாயமைந்த நாணத்தின் வெளிப்பாடே எனக் கருதுதற்கு அடியேனுக்குப் போதிய ஆதாரம் உளது.

இரண்டும் எழுத்து வழக்கே. எழுதுவோர் பேச்சு வடிவத்தைத் தொடவே இல்லை. சொல்தேர்வாலும் தொடர் நீளத்தாலும் தன்னை ‘அடியேன்’ எனக் குறிக்கும் செயலாலும் இரண்டாமவர் வேறுபட்டுவிடுகிறார். இம்மொழிபெயர்ப்பைப் படித்து (5ஆ)-ஐ மட்டும் எடுத்துக்காட்டி, நடை செயற்கை என்று எழுதும் மதிப்புரையாளர், பாத்திரத்தின் குறையை மொழிபெயர்ப்பாளர் தலையில் ஏற்றுகிறார். இத்தகைய தீர்ப்புகள் மிகுந்தால் மொழிபெயர்ப்பாளர் அடுத்த நூலில் துணிவிழப்பர். எல்லாப் பாத்திரங்களும் ஒரே மழமழப்பான தமிழில் பேசும் நூல்கள் பெருகும். இதுவே இச்சொல்லின் கவனமற்ற பயன்பாட்டால் நேரும் உண்மையான இழப்பு.

6. ஓர் எதிர்வாதம்

வாசகரின் செவியே முடிந்த தீர்ப்பு, காரணம் தேடுவது இலக்கணிகளின் வேலை என்று கூறுவோர் உண்டு. இக்கூற்றில் உண்மை உண்டு. காது முதலில் உணர்கிறது. பகுப்பாய்வு பின்னால் வருகிறது. தொல்காப்பியம் வழக்கினுள் காரணம் இன்றியும் ஆக்கம் கூறலாம் என்று நெகிழ்ந்ததும் இதற்கு இடமளிக்கிறது. உணவு சுவைக்கவில்லை என்று கூறும் விருந்தினர், உப்பா புளியா என்று விளக்கக் கடமைப்பட்டவரல்லர். சமையலைக் கற்பிக்க முன்வருபவரோ கடமைப்பட்டவர். வாசகர் விருந்தினர், பதிப்பாசிரியரும் மதிப்புரையாளரும் கற்பிப்போர்.

பேச்சு வழக்கில் எழுதுவதே அனைத்துக்கும் மருந்து என்பாரும் உளர். எந்தப் பேச்சு என்னும் வினாவுக்கு அவர்கள் விடை கூற வேண்டும். அச்சில் எழுதப்படும் பேச்சுத் தமிழ் ஏதேனும் ஒரு வட்டாரத்தையோ சாதியையோ தன்னுடன் அழைத்து வந்துவிடுகிறது. ரஷ்யச் சிற்றூர்க் குடியானவர் கொங்குத் தமிழிலோ நெல்லைத் தமிழிலோ பேசினால் ஒரு செயற்கை நீங்கி மற்றொன்று குடியேறும். புதுமைப்பித்தன் (1906-1948) தம் கதைகளில் நெல்லைப் பேச்சை ஆண்டது அம்மண்ணின் மாந்தருக்காக. அவ்வழியை வேற்று மண்ணின் மாந்தருக்கு எடுத்துச் செல்வோர் ஒவ்வொரு முறையும் அதன் தேவையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

7. முடிவுரை

செயற்கை என்னும் சொல்லைத் திறனாய்விலிருந்து நீக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அது பயனுள்ள முதற்சொல்; இறுதிச்சொல்லாக நிற்பதே குறை. அதனை ஆளும்போது நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். குறை வடிவத்தில் உள்ளதா, சொல்லில் உள்ளதா, தொடரில் உள்ளதா, செயலில் உள்ளதா? விடை வடிவம் என்றால் திருத்தம் எளிது. பல வேளைகளில் திருத்தமே வேண்டியதில்லை. சொல் என்றால் தகுதி நோக்கி மாற்றலாம். தொடர் என்றால் மூலத்தை மூடிவைத்துவிட்டு அக்கருத்தைத் தமிழில் மீண்டும் சொல்லிப் பார்க்க வேண்டும். செயல் என்றால் மாற்றுவதா காப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். இவற்றுக்குப்பின் ஐந்தாவதாக, இச்செயற்கை மூலத்திலேயே உள்ளதா என்றும் கேட்டல் வேண்டும்.

இயற்கைப் பொருளை இத்தன்மைத்து என்று சொல்லிவிட்டுப் போகலாம். செயற்கைப் பொருளைச் சொல்லும்போது காரணம் வேண்டும் என்றது பழைய இலக்கணம். அவ்விதி பொருள்களைச் சொல்லும் முறைபற்றி எழுந்ததே எனினும், மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதுவோருக்கும் அது பொருந்துகிறது. கையெழுத்துப்படியின் ஓரத்தில் ‘செயற்கை’ என்று எழுதுபவர் அதன் அருகில் இன்னும் ஒரு சொல்லை, வடிவம், சொல், தொடர், செயல் ஆகிய நான்கனுள் ஒன்றை, சேர்த்து எழுதுவாராயின் அப்படியைத் திரும்பப் பெறும் மொழிபெயர்ப்பாளருக்கு எங்குத் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.